ஓட்டிப் பார்க்க வந்தவர்

அத்தியாயம் பதினான்கு

வண்டியை விற்றுவிடலாம் என்று முடிவெடுத்தது மகன். விளம்பரம் கொடுத்ததும் மகன்தான். ஆனால் விளம்பரம் வெளியானபின் வந்த முதல் அழைப்பை எடுத்தது அப்பா. கோணல் அங்கேதான் ஆரம்பித்தது.

"யாரு பேசுறது?" என்று அவர் கேட்டிருக்கிறார். மறுமுனையில் ஒரு பெண் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டதாம். பிறகு அதுவும் நின்றுவிட்டதாம். ரிசீவரை வைத்துவிட்டு வந்தவர் அன்று முழுக்க யாருக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுபடி மணி அடித்தபோது மகன் எடுத்தான். கண் டாக்டர் ஒருவர். வண்டியை நேரில் பார்க்க வேண்டும் என்றார். அவர் வருவதாகச் சொன்ன நாள் இன்று.

மருமகள் காலையிலேயே ஷெட்டைத் திறந்து இருக்கைகளைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்தக் குடும்பத்தில் ஆளுக்கொரு பட்டப்பெயர் உண்டு. எல்லாம் தெருக்காரர்கள் உபயம். மகனுக்கு ஹாரன், காரணம் சொல்லத் தேவையில்லை. மாமனாருக்கு நியூட்ரல். வீட்டில் எந்தச் சண்டை நடந்தாலும் எந்தப் பக்கமும் அவருக்கு கியர் விழாது. மருமகளுக்கு டெய்லர். கார்களுக்கு சீட்டும் கூரைத்துணியும் தைப்பது அவள் தொழில், பிறந்த வீட்டில் கற்றுக்கொண்டு வந்தது. மாமியாருக்கு மட்டும் எந்தப் பெயரும் ஒட்டவில்லை. பெயர் வைக்கத் தோதாக அவர் ஏதாவது பேசினால்தானே.

வண்டி, கரும்பச்சை நிறத்தில் ஒரு திறந்த டூரிங் கார். மடக்கிவிடக்கூடிய கித்தான் கூரை. இரண்டு பக்கமும் நீளமான படிப்பலகை. ஆரக்கால் சக்கரங்கள். பித்தளை விளிம்பு வைத்த பெரிய விளக்குகள் இரண்டும் தூக்கம் கெட்டவனின் கண்கள் மாதிரி முழித்துக்கொண்டிருக்கும். மாமனார் அதைத் துருப்பிடித்த கூடாகக் கொண்டுவந்து இறக்கியபோது மகன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அவனுக்குக் கல்யாணமாகி இவள் வந்து சேர்ந்தபோதும் வேலை முடிந்தபாடில்லை. கழற்றுவார், சுரண்டுவார், தேய்ப்பார், பூசுவார். பூசியது காய்ந்ததும் மறுபடி சுரண்டுவார். பின்சீட்டை மட்டும் அவர் தொடவே இல்லை. "அது உன் வேலைம்மா, நீ பாத்துக்க" என்று அவளிடம் விட்டுவிட்டார்.

இப்போது மகனுக்கு வேறு ஊரில், பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் மேனேஜர் வேலை. குடும்பமே கிளம்புகிறது. ஷெட்டைக் காலி செய்ய வேண்டும். வண்டி போகத்தான் வேண்டும்.

"டாக்டரம்மா வந்தா எல்லாரும் ஆளுக்கொண்ணு பேசாதீங்க. நான் பேசிக்கிறேன்" என்றான் கணவன்.

"நீங்க பேசும்போது நடுவுல புகுந்து பேசினவங்க யாராவது உயிரோட இருக்காங்களா?" என்றாள் அவள்.

அவன் சிரித்துக்கொண்டே வெளியே போனான். மாமனார் சிரிக்கவில்லை. ரேடியேட்டர் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்தது.

"மாமா, டீ ஆறிடுச்சு."

அவர் பேசுவதற்கு முன்னால் எப்போதும் ஒருமுறை மூச்சை உள்ளே இழுப்பார். பஞ்சரான டியூப் காற்று விடுவதற்கு நேர்மாறாக ஒரு சின்னச் சத்தம் வரும். வீட்டில் எல்லாருக்கும் அது பழகிப்போயிருந்தது.

"விக்கலைன்னு சொல்லிடலாமாம்மா?"

"உங்க பிள்ளைகிட்ட இல்ல கேக்கணும், என்னைப் போய்க் கேக்குறீங்களே."

"அவன்கிட்ட கேட்டா காரணம் கேப்பான்."

"நானும் கேப்பேனே மாமா."

அவர் துணியை உதறி மடித்தார். வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

டாக்டர் தனியாக வந்திருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. நரையை மறைக்காத தலை, சாதாரணப் பருத்தி உடை, கையில் பையில்லை. வணக்கம் சொன்னார், உள்ளே வந்தார், வண்டியைப் பார்த்தார். அப்புறம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஹாரனுக்கு அமைதி ஆகாது. இன்ஜின் கவரைத் திறந்து காட்டினான். கார்புரேட்டர் எங்கிருந்து வந்தது, கூரைத்துணிக்கு எத்தனை கடை ஏறி இறங்கினார்கள் என்று மூச்சு வாங்காமல் சொன்னான். டாக்டர் இன்ஜின் பக்கம் திரும்பவே இல்லை. வண்டியைச் சுற்றி நடந்து இடதுபக்கப் பின்கதவுக்கு வந்தார்.

"அந்தக் கதவு கொஞ்சம் மக்கர் பண்ணும் டாக்டர், இருங்க நான் வந்து..."

அவன் முடிப்பதற்குள் டாக்டர் கைப்பிடிக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்து, லேசாக மேலே தூக்கி, தன்பக்கம் இழுத்தார். கதவு சத்தமில்லாமல் திறந்துகொண்டது.

மருமகள் டாக்டரின் கையையே பார்த்தாள். அந்தக் கதவின் பிடிவாதம் பிடிபட அவளுக்கே பல நாள் ஆயிற்று. வண்டியில் எல்லாவற்றையும் மாற்றிய மாமனாரால் அதை மட்டும் சரிசெய்ய முடியவில்லை.

"கைராசிக்காரங்க நீங்க" என்று கணவன் சிரித்தான்.

டாக்டர் ஏறி உட்கார்ந்தார். வாங்க வருகிறவர்கள் நுனியில் உட்கார்ந்து பார்ப்பார்கள். இவர் உள்ளே தள்ளிப்போய், மூலையில் முதுகைக் கொடுத்து, அந்த இடம் தனக்கு ஒதுக்கி வைத்தது என்பதுபோலச் சாய்ந்துகொண்டார்.

"சீட்டு யாரு தைச்சது?"

"நான்தான்" என்றாள் மருமகள்.

"நல்லா இருக்கு" என்று மேல்தோலைத் தடவினார். பிறகு தலை நிமிராமலே கேட்டார். "வண்டி எங்க கிடைச்சுது?"

"ஏலத்துல" என்றார் மாமனார்.

"பழைய இரும்புக் கடையில" என்றான் மகன்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. "பழைய இரும்புக் கடைக்காரர் போட்ட ஏலம்" என்று மகன் ஒட்டுப்போட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டான். வேறு யாரும் சிரிக்கவில்லை. வீட்டு ஜன்னலில் திரைச்சீலை அசைந்தது. மாமியார் அங்கே நின்றுகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் மருமகளுக்குத் தெரிந்தது.

"ஓட்டிப் பாக்கணும்" என்றார் டாக்டர்.

"தாராளமா. இதோ சாவி எடுத்துட்டு வரேன்."

"நீங்க வேண்டாம். பெரியவரே ஓட்டட்டும், அவர் கைபட்ட வண்டிதானே. நான் பின்னாடி உக்காந்துக்கிறேன்." பிறகு மருமகளைப் பார்த்தார். "நீங்களும் வாங்க. பேச்சுத்துணைக்கு."

மாமனார் மறுப்பார் என்று அவள் நினைத்தாள். அவர் சாவியை வாங்கிக்கொண்டு, ஏற்கெனவே தீர்ப்பைக் கேட்டு முடித்துவிட்டவர் மாதிரி முன்சீட்டில் போய் உட்கார்ந்தார்.

இன்ஜின் நிதானமாக ஓடியது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு கடைக்காரர் கையசைத்தார். கல்யாண ஊர்வலம் மாதிரி இருந்தது, வண்டிக்குள் இருந்தவர்கள் முகங்களை மட்டும் பார்க்காவிட்டால்.

டாக்டர் வழி சொன்னார். இந்தப் பக்கம் திரும்புங்க. பாலத்துக்கு அடியில போங்க. கிடங்குகள் இருந்த நீண்ட சாலை வந்தது. பிறகு கட்டடங்கள் குறைந்தன. இரண்டு பக்கமும் சாம்பல் தூசி படிந்த செடிகள்.

"இப்போ வலது பக்கம்."

மாமனார் வேகத்தைக் குறைத்தார். "அந்தப் பக்கம் ரோடு முடிஞ்சிடும்மா. பழைய கல்குவாரி."

"தெரியும். போங்க."

அவர் திருப்பினார். வண்டி ஊர ஆரம்பித்தது. சக்கரத்துக்கு அடியில் கல் நொறுங்கும் சத்தம் தனித்தனியாகக் கேட்டது. அறுந்து தொங்கிய கம்பிவேலி ஒன்று தெரிந்ததுமே, குவாரி விளிம்புக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போதே, அவர் வண்டியை நிறுத்திவிட்டார். ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பூட்டினார். அப்படியும் கால் பிரேக்கிலிருந்து எடுபடவில்லை.

வேலிக்கு அப்பால் பாறை செங்குத்தாக இறங்கியது. கீழே பாசி நிறத்தில் தண்ணீர், அசையாமல்.

"இது எங்க வீட்டு வண்டி" என்றார் டாக்டர்.

குரலில் கோபம் இல்லை. நோயாளியிடம் விஷயத்தைச் சொல்கிற குரல்.

"எங்க தாத்தா வாங்கினது. என் அண்ணன்தான் வச்சு ஓட்டிட்டு இருந்தான். எனக்கு அப்போ எட்டு வயசு. நான் இந்த மூலையிலதான் உக்காருவேன், கால் தரையில எட்டாது. ஒருநாள் சாயங்காலம் எனக்கு நல்ல ஜுரம். ஜன்னலோரமா படுத்திருக்கேன். கேட்டுக்கு வெளிய யாரோ ஒரு ஆள் அண்ணனைக் கூப்பிட்டாங்க. ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம் வான்னு. அண்ணன் சிரிச்சிக்கிட்டே போனான். வண்டி கிளம்புற சத்தம் கேட்டுச்சு. அவ்வளவுதான். அவனும் வரல, வண்டியும் வரல."

மருமகள் அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"போலீஸ் ஆத்துல தேடினாங்க, ஸ்டேஷன் ஸ்டேஷனா போட்டோ அனுப்பினாங்க. கூப்பிட்ட ஆள் யாருன்னு என்னைக் கேட்டுக் கேட்டு ஓய்ஞ்சு போனாங்க. நான் முகத்தைப் பாக்கல. குரலை மட்டும்தான் கேட்டேன். பேசுறதுக்கு முன்னாடி மூச்சை உள்ள இழுத்துட்டுப் பேசின குரல்."

முன்சீட்டில் இருந்தவர் திரும்பவில்லை.

"விளம்பரத்துல போட்டோவைப் பாத்தப்போ இதே மாதிரி வேற வண்டியா இருக்கும்னுதான் நினைச்சேன். சும்மா கேட்டு வைப்போம்னு ஃபோன் பண்ணேன். நீங்க எடுத்தீங்க."

"நாப்பது வருஷத்துல குரல் மாறிடும்மா" என்றார் மாமனார். சொல்வதற்கு முன்னால் மூச்சை இழுத்தார். தன் காதிலேயே அது விழுந்திருக்க வேண்டும். தோள்கள் இறங்கிப்போயின.

டாக்டர் அவரை விட்டுவிட்டு மருமகள் பக்கம் திரும்பினார்.

"இந்தக் குவாரியில இருந்து ஒரு பழைய காரைத் தூக்கினதா இரும்புக் கடைக்காரர் ஒருத்தர் சொன்னாரு, எந்தக் காருன்னு அவருக்கு ஞாபகம் இல்ல. இந்த சீட்டைப் பிரிச்சது நீங்கதானே. உள்ள என்ன இருந்துச்சு?"

ஸ்டியரிங்குக்கு மேலே இருந்த வட்டக் கண்ணாடியில் மாமனாரின் கண்கள் தெரிந்தன. கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. காத்திருந்தன.

மருமகள் என்றால் இந்த வீட்டில் வேலைக்காரி இல்லை என்று முதல் நாளே எல்லார் முன்னாலும் சொன்னவர் அவர். அவளுடைய தையல் மெஷினுக்கு ஷெட்டில் இடம் ஒதுக்கி, வெளிச்சம் வருவதற்காகச் சுவரை உடைத்து ஜன்னல் வைத்தவர். ஒரு வார்த்தை போதும். பழைய நார் இருந்தது, எலி கடித்திருந்தது என்று சொன்னால் முடிந்தது. டாக்டருக்கு வேறு சாட்சி கிடையாது.

அவள் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் அழுகை இல்லை. எத்தனையோ வருடமாகப் பதில் வராத ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சேறு இருந்துச்சு" என்றாள். "காஞ்சுபோன சேறு. சாம்பல் நிறத்துல, மாவு மாதிரி. ஒவ்வொரு ஸ்பிரிங்குக்குள்ளயும் அடைச்சிருந்துச்சு. மாமாகிட்ட கேட்டேன். மழையில கெடந்த வண்டின்னு சொன்னாரு."

சொல்லும்போதே அவள் பார்வை வெளியே தரையில் விழுந்தது. வழி முழுக்க அதே சாம்பல், அதே மாவு. மழையில் கிடந்த வண்டிக்குள் சேறு அப்படி ஏறாது என்று அன்றைக்கே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது. கேட்க வேண்டாம் என்று இருந்துவிட்டாள்.

"தண்ணி வத்திப்போன வருஷம் வண்டி வெளிய தெரிஞ்சுது" என்றார் மாமனார் முன்னால் பார்த்தபடியே. "பழைய இரும்புக்காரன் கிரேன் வச்சுத் தூக்கினான். அவன்கிட்ட இருந்து நான் வாங்கினேன். அதுதான் உண்மை. உள்ள யாரும் இல்லம்மா."

"உள்ள யாராவது இருந்தாங்களான்னு நான் கேக்கவே இல்லையே" என்றார் டாக்டர்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

டாக்டர்தான் மறுபடி பேசினார். "எனக்கு யாரையும் கோர்ட்டுக்கு இழுக்கணும்னு இல்ல. எங்கம்மா சாகுற வரைக்கும் கேட்டைப் பூட்ட விடல. ராத்திரி வந்து தட்டினா நமக்குக் கேக்காம போயிடும்னு சொல்லுவாங்க. அவன் இந்த வண்டியை விட்டு எங்க இறங்கினான்? அதை மட்டும் சொல்லுங்க. வண்டியை எடுத்துட்டுப் போயிடுறேன், வேற எதுவும் கேக்க மாட்டேன்."

மாமனார் தெரியாது என்றுகூடச் சொல்லவில்லை. ரிவர்ஸ் கியரைப் போட்டார். அவரைப் போய் நியூட்ரல் என்று சொல்லி இத்தனை வருடம் சிரித்திருக்கிறோமே என்று மருமகளுக்குத் தோன்றியது. வண்டி மெல்லப் பின்வாங்கித் திரும்பியது.

ஷெட்டில் இறங்கியதும் டாக்டர் விலை கேட்கவில்லை, குறைக்கவும் சொல்லவில்லை. நாளைக் காலையில் வந்து எடுத்துக்கொள்வதாக மகனிடம் சொன்னார். போகிற போக்கில் மருமகளின் கையைப் பிடித்தார்.

"அதுவரைக்கும் வண்டியில ஒண்ணும் மாறக் கூடாது. நீங்க பாத்துக்கங்க."

கணவனுக்குத் தலைகால் புரியவில்லை. "ஒரே ஆளு, ஒரே ரவுண்டு, முடிஞ்சுபோச்சு பாத்தியா. எல்லாம் என் வாய் சாமர்த்தியம்."

"என்னங்க, வண்டி எப்படிக் கிடைச்சுதுன்னு மாமா உங்ககிட்ட என்ன சொல்லியிருக்காரு?"

"ஏதோ சொன்னாரு. ஏலம். இல்ல, கடை. இப்போ அதுக்கென்ன? போற வண்டிக்கு ஜாதகமா பாக்கப்போறோம்?" என்றவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "ஏன் ஒரு மாதிரி இருக்க? வெயில்ல சுத்தினதா?"

ஆமாம் என்று தலையாட்டினாள். சொந்த அப்பாவைப் பற்றி அவனிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. சாமான் கட்டுகிற ஆட்களைப் பார்க்க அவன் கிளம்பிப் போய்விட்டான். மாமனார் மதியம் சாப்பிடவில்லை. சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கூப்பிட்டதற்கு, தூங்காதவர் தூங்குகிற மாதிரி மூச்சு விட்டார்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் மருமகள் உறையைப் போட ஷெட்டுக்கு வந்தாள். இத்தனை வருடம் இந்த வண்டியைச் சுரண்டிச் சுரண்டித் தேய்த்தாரே, அது ஆசையா, வேறு ஏதாவதா? பின்சீட்டு மூலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

பின்னால் நிழல் விழுந்தது. மாமியார்.

"அந்தம்மா போயிட்டாங்களா?"

"காலையிலேயே போயிட்டாங்க அத்தை. நாளைக்கு வருவாங்க."

"என்ன கேட்டாங்க?"

அத்தையின் வாயிலிருந்து ஒரே நேரத்தில் இத்தனை கேள்விகள் வந்து அவள் கேட்டதில்லை. "அவங்க அண்ணன் எங்க இறங்கினாருன்னு கேட்டாங்க. மாமா ஒண்ணும் சொல்லல."

"சொல்ல மாட்டாரு." மாமியார் உள்ளே வந்து படிப்பலகையில் உட்கார்ந்தார். சோர்ந்துபோய் வந்து வாசற்படியில் உட்கார்கிறவரைப் போல. "எனக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்காரு."

"உங்களுக்கா?"

"கேட்டுக்கு வெளிய நின்னு கூப்பிட்டது அவர்தான். கூப்பிடச் சொன்னது நான். எங்களுக்கு அப்போ கல்யாணம்கூட ஆகல." மாமியார் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அந்தக் குவாரிக்கு அன்னிக்கு நாங்க போகவே இல்லம்மா. வண்டியை மட்டும்தான் அப்புறமா அவர் தனியா அங்க கொண்டுபோய்த் தள்ளினாரு. அன்னிக்குப் போனது வேற பக்கம். அவர் ஓட்டினாரு, நான் முன்னாடி. அந்தப் பையன் பின்னாடி, நீ கை வச்சிருக்கியே, அந்த மூலையில."

மருமகள் கையை எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் கட்டில் கிறீச்சிட்டது. யாரோ எழுந்து நடக்கிற சத்தம் கேட்டது. மாமியார் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"அப்போ அவரு எங்கதான் அத்தை இறங்கினாரு?"

"இறங்கல" என்றார் மாமியார். "நாங்க ரெண்டு பேருமா சேர்ந்துதான் இறக்கினோம்."